வெள்ளைக் கோழியும் வெள்ளை உடுப்பும்

நான் வளர்ந்த தோட்டத்தில் பச்சைக்குப் பஞ்சமில்லை. புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில் கீழே ரப்பர், நடுவில் தேயிலை, உச்சியில் காடு. இத்தனை பச்சைக்கு நடுவே பிறந்தவர்களாக இருந்தும் ஒரேயொரு பச்சைக்கு மட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் பயம். திட்டுத் திட்டாக, மண்ணிறமும் கறுப்பும் கலந்து, ஆமிக்காரர்களின் உடுப்பில் இருக்கும் பச்சை அது. அந்த நிறத்தில் ஒரு துண்டுத் துணி வீட்டில் இருந்தாலே ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சண்டை நடந்தது எங்கோ வடக்கில். அதை நாங்கள் கண்டதில்லை. ஆனால் கொழும்புப் பக்கம் குண்டு வெடித்ததாக ரேடியோவில் சொன்னால், மறுநாள் எங்கள் பாதையிலும் ஆமி ஜீப் ஏறும். மேல் லயத்தில் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமா. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போனவரை வழியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிக்கொண்டார்கள். தமிழ் ஆள், கையில் அடையாள அட்டை இல்லை, அவ்வளவுதான். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வந்தவர் யாரோடும் பேசுவதில்லை. ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், சத்தம் ஓய்ந்த பிறகும் திறக்கமாட்டார். என் அப்பாவிடமும் அடையாள அட்டை இருக்கவில்லை. எழுதிக் கொடுத்து வருடக்கணக்காகியும் வந்துசேரவில்லை. அப்பா எங்காவது போய் வரத் தாமதமானால் அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பார். அவர் பின்னாலேயே நானும் நடப்பேன்.

கதை தொடங்கியது ஒரு கோழியில். அம்மா ஒரு வெள்ளைக் கோழி வளர்த்தார். எனக்குக் காட்டாத செல்லத்தையெல்லாம் அதற்குக் காட்டினார் என்பது என் குறை. ஒரு காலையில் அது தண்ணீர் கொட்டும் பீலியடியில் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. முகத்தில் காற்று அடித்தது. கோழி நின்ற இடத்தில் சில இறகுகள் மட்டும் கிடந்தன. அண்ணாந்து பார்த்தால், வாசல் அகலத்துக்குச் சிறகை விரித்த ஒரு பறவையின் காலில் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறது. என் வாயில் இருந்த பற்பொடியை விழுங்கிவிட்டேன்.

அன்று முழுவதும் லயத்துப் பெண்களுக்கு வேறு பேச்சில்லை. முன்பொரு காலத்தில் தேயிலை மலையில் ஏணையில் கிடந்த குழந்தையையே அது தூக்கிப் போனதாக ஒருத்தி சொன்னாள். அடுத்த வீட்டு அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், மற்ற நிறங்களை விட்டாலும் விடும், வெள்ளையைக் கண்டால் இராசாளி விடவே விடாது என்றார். அத்தைக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழலுக்கு ஓடித்தான் பள்ளிக்கூடம் போனேன். அப்போது எனக்குப் பத்து வயது, நல்ல உடல்வாகு. இருந்தாலும் அந்தப் பறவைக்கு நான் கனமாக இருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். கோழிக்குப் பழி வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பின்னேரங்களில் காட்டுக்குள் போனார். கூட்டைக் கண்டும் பிடித்துவிட்டார். ஆனால் அது இருந்த மரத்தின் உயரத்தைப் பார்த்ததும் பழி வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். தோட்டத் துரையின் பங்களாவுக்கு விறகு கொண்டுபோன இடத்தில், தலையில் குடுமியும் நெஞ்சில் வரி வரியான கோடுமாக ஒரு கோழிக் கள்ளன் எங்கள் காட்டில் குடியிருக்கிறான் என்று வாய்விட்டார். பங்களாவில் அப்போது வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து பறவை காட்டும் சிங்கள ஐயா, கொழும்பு மாத்தயா ஒருவர் தங்கியிருந்தார். அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, இதுவா என்று கேட்டாராம். அதுதான் என்றாராம் அப்பா. மாத்தயா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

அது மலைக்காட்டில் அரிதாகக் காணும் இராசாளியாம். கூட்டோடு பார்த்தவர்கள் மிகக் குறைவாம். எங்கள் வீட்டுக் கோழியைத் தின்ற பறவையைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார அம்மா விமானம் ஏறி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் என் அம்மா சொன்னார்: “அவங்க வந்ததும் என் கோழி எங்கன்னு கேளுங்க.”

சிரிப்பு அதோடு முடிந்தது. சில கிழமைகள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா தோளில் ஒரு மூட்டையோடு வந்தார். பறவைக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து பார்க்கும் கூடாரமாம். வெள்ளைக்கார அம்மா தன் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. கூட்டுக்கு எதிர்ச் சரிவில் அதை நிறுத்தி வைப்பது அப்பாவின் பொறுப்பு. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் அவர் மூட்டையைப் பிரித்தார். உள்ளே இருந்தது அந்தப் பச்சை. திட்டுத் திட்டான பச்சை, மண்ணிறம், கறுப்பு.

அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் பாயைத் தூக்கி அதன்மேல் போட்டேன். யாரும் சொல்லாமலே போட்டேன்.

“என்னாங்க இது? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” அம்மாவின் குரல் வெளியே வரவில்லை.

“தொரயும் சொல்லிட்டாரு. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?”

மாத்தயாவுக்கு அந்தத் துணியில் ஒரு தப்பும் தெரிந்திருக்காது. அவர் எந்தச் சோதனைச் சாவடியிலும் சிரித்துப் பேசிக் கடந்து போகிறவர். வெள்ளைக்கார அம்மாவுக்கோ அது கடையில் வாங்கிய ஒரு சாமான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காடேற வேண்டிய ஆளுக்குத்தான் அதன் கனம் தெரியும். அப்பா அதைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் திணித்து, மேலே விறகை அடுக்கிக் கட்டி, விறகு கொண்டு போகிறவர்போல் காட்டுக்குள் ஏறினார். காட்டுக்கு யாராவது விறகு கொண்டுபோவார்களா என்று அம்மாவுக்குத் தோன்றியது அவர் போன பிறகுதான்.

இருட்டுவதற்குள் அப்பா திரும்பிவிட்டார். கூடாரத்தை நிறுத்தி, துணி ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாதபடி மானாப்புல்லும் மரக்கொப்புமாக வெட்டி மூடிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் மாத்தயா அதைப் பார்த்து மெச்சிப் பேசினார். இத்தனை பேருக்கு வழிகாட்டியிருக்கிறேன், இப்படி ஒருவரும் மறைத்துக் கட்டியதில்லை, பறவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்காது என்றார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் மறைத்தது பறவைக்காக இல்லை என்பது எனக்கே தெரியும்.

நானும் அங்கே எப்படிப் போனேன் என்றால், அம்மா அனுப்பினார். “புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. வெள்ள உடுப்பப் போட்டு விடுறேன். பள்ளிக்கூடப் புள்ள கூட இருந்தா ஒன்னும் கேக்கமாட்டாங்க” என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன். பள்ளிக்கூட உடுப்புக்கு பஸ்ஸில்கூட ஒரு மரியாதை உண்டு. அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த கவலை வேறு. சனிக்கிழமை, அதுவும் இராசாளியின் வீட்டு வாசலுக்கே, வெள்ளை உடுப்போடு போவதா? அழுதேன். அம்மா கேட்கவில்லை. இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு அனுப்பினார்.

மாத்தயா என்னைக் கண்டதும் முகம் சுளித்தார். அவருடைய சட்டங்கள் கடுமையானவை. பேசக்கூடாது, இருமக்கூடாது, கையை வெளியே நீட்டக்கூடாது, வெள்ளை நிறம் கூடவே கூடாது. மாற்றுச் சட்டை பையில் இருப்பதாக அப்பா சொன்னார். காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பாறைக்குப் பின்னால் போய், காப்பித்தூள் நிறத்தில் ஒரு பழைய சட்டைக்கு மாறினேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பழைய சட்டையை நான் அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை.

கூடாரத்துக்குள் நான்கு பேர் முட்டி மோதி உட்கார்ந்தோம். முன்பக்கத் துணியில் கண் அளவுக்குச் சின்னச் சின்னத் துவாரங்கள். வெள்ளைக்கார அம்மாவுக்கு முன்னால் மூன்று கால் வைத்த ஒரு தூரக்கண்ணாடி. உள்ளே சூடு, நனைந்த புல்லின் வாடை, காலில் அட்டை. அட்டை ஏறினால்கூட மெதுவாகத்தான் கிள்ளி எடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, கையில் ஒரு இனிப்பை வைத்தார். தாள் சத்தம் போடும் என்று அதை நான் பிரிக்கவே இல்லை.

எதிரில் ஒரு பெரிய மரத்தின் கவட்டில், விறகுக் கட்டை அடுக்கியதுபோல் கூடு. அதற்குள் பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு. வெள்ளைக்கார அம்மா தூரக்கண்ணாடியை என் பக்கம் திருப்பி, பார் என்று கை காட்டினார். கண்ணை வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தாய் வந்து இறங்கியது. காலில் ஒரு மலை அணில். குடுமி காற்றில் அசைந்தது. அது அணிலைக் கிழிக்கத் தொடங்காமல் தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். தூரக்கண்ணாடியில் அது என் மூக்குக்கு முன்னால் இருந்தது. புல்லும் கொப்பும் துணியும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, எங்கள் நான்கு பேரையும் பீலியடிக் கோழியையும் அது ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் கண்ணை எடுத்துவிட்டேன். வெள்ளைக்கார அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவரும் பயந்துவிட்டார் என்று நினைத்து, ஆறுதலுக்கு அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

உச்சி வெயிலில் அவருக்குத் தலை சுற்றியது. சாப்பிட வைத்துக் கூட்டிவருகிறேன், சாமான்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லி மாத்தயா அவரைப் பங்களாவுக்கு இறக்கிக்கொண்டு போனார். கூடாரத்தில் அப்பாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். அப்பா தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்து, “கள்ளச் சிறுக்கி” என்று இராசாளியை ஏசிவிட்டு எனக்கும் காட்டினார். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

திடீரென்று குஞ்சு கூட்டுக்குள் ஒட்டிப் படுத்துக்கொண்டது. தாய் தலையைத் தாழ்த்திக் கீழ்ச் சரிவைப் பார்த்தது. பிறகு சிறகை விரித்து மரத்தை விட்டு மேலே போய்விட்டது. ஏன் போகிறது என்று கேட்க அப்பா பக்கம் திரும்பினேன். அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. சருகு மிதிபடும் சத்தம். செருப்புச் சத்தமோ வெறுங்கால் சத்தமோ இல்லை. தோட்டத்தில் யாரும் போடாத கனத்த சப்பாத்துகள்.

துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்த அப்பா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டு உள்ளே போகும் மேல் லயத்து மாமாவின் முகம். அப்பாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

பிறகுதான் தெரியவந்தது: காட்டில் கித்துள் பனை வெட்டப் போன சிங்கள நாட்டாள் ஒருவர், புல்லுக்கும் கொப்புக்கும் அடியில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று கீழே போய்ச் சொல்லியிருக்கிறார். வெறும் கூடாரமாக நின்றிருந்தால் பங்களாவுக்கு வந்த வெள்ளைக்காரர்களுடையது என்று பார்ப்பவர்கள் விட்டிருப்பார்கள். துணி தெரியக்கூடாது என்று அப்பா பார்த்துப் பார்த்து மூடியதில், அது இயக்கத்துப் புலி பதுங்கியிருக்கும் இடம்போல் ஆகிவிட்டது.

“கவுத எதன?” என்று வெளியே ஒரு குரல் கேட்டது. யார் அங்கே என்று சிங்களத்தில். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் வாய் வரவில்லை. வெளியே வா என்று மறுபடி குரல் வந்தது, கூடவே துப்பாக்கியை இழுத்துத் தயார் செய்யும் சத்தமும். கூடாரத்துக்குள் அதை நாங்கள் இருவரும் கேட்டோம்.

அப்பா பையிலிருந்து வெள்ளை உடுப்பை எடுத்தார். நான் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை என் தலை வழியாக மாட்டினார். முதலாம் வகுப்பிலிருந்து எனக்கு நானே பொத்தான் போட்டுக்கொள்வேன். அன்று அப்பா போட்டுவிட்டார். அவர் விரல்கள் ஒரு பொத்தானைப் பிடிக்க முடியாமல் மூன்று தரம் நழுவின.

“வெள்ள உடுப்பு வேணாம்ப்பா. இராசாளி தூக்கிரும்.”

“தூக்காது புள்ள. கை ரெண்டயும் மேல தூக்கிக்கிட்டு மொதல்ல நீ போ. குருவி பாக்க வந்தோம்னு சிங்களத்துல சொல்லு. ஒன்ன ஒன்னும் செய்யமாட்டாங்க. அப்பா பின்னாலயே வாறேன்.”

வாசல் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள்: அங்கே நின்றவர்களை நான் முதலில் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்தேன். இராசாளி எங்களுக்கு நேர் மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கையைத் தூக்கு என்று அப்பா சொன்னது, தலையை மறைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்து இரண்டு கையையும் உச்சந்தலைமேல் வைத்துக்கொண்டேன். அது கீழே இறங்கும் நொடிக்காக என் உடம்பு முழுவதும் காத்திருந்தது.

“மாமே, அப்பி குருள்ளோ பலனவா” என்றேன், வானத்தைப் பார்த்தபடியே. மாமா, நாங்கள் குருவி பார்க்கிறோம். பிறகு, உள்ளே அப்பாவும் இருக்கிறார் என்று சொன்னேன். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கண்ணை இறக்கினேன். திட்டுத் திட்டான பச்சையில் நான்கு பேர். முன்னால் நின்றவன் மீசை அரும்பாத பையன். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான். நான் திரும்பத் திரும்ப மேலே பார்த்ததில், மரத்தில் வேறு ஆள் இருக்கிறது என்று அவன் நினைத்துவிட்டான். துப்பாக்கி என்னை விட்டுக் கூட்டுப் பக்கம் உயர்ந்தது. அதில் குஞ்சு இருக்கிறது, சுட வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான். துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

அப்பா முழங்காலால் தவழ்ந்து வெளியே வந்தார், இரண்டு கையும் தலையின் பின்னால். அவரை அப்படியே முழங்காலில் நிறுத்தினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை என்று சொன்னதும் வயதில் மூத்த ஒருவன் அப்பாவின் காதோடு சேர்த்து அறைந்தான். பெரிய ஆட்களை அடிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டு அழ வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், அழாதே என்று. வாயை மூடிக்கொண்டேன். புல்லை விலக்கித் துணியைக் கண்டுபிடித்ததும் அவர்கள் குரல் மாறிவிட்டது. தூரக்கண்ணாடியை ஏதோ வெடிக்கும் சாமானைத் தொடுவதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எழுந்து வா, போகலாம் என்று சொல்வதற்குத்தான் இனி மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. நான் அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்போதுதான் மாத்தயா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார், பின்னால் தொப்பியும் கைத்தடியுமாக வெள்ளைக்கார அம்மா. மாத்தயா ஒரு அதட்டுப் போட்டார். தன் அட்டையைக் காட்டினார். துரையின் பெயரைச் சொன்னார். என்ன மல்லி இது என்று சிரித்தார். தம்பி என்று அழைத்ததும் அவர்களும் சிரித்துவிட்டார்கள். எவ்வளவு சுலபமாக எல்லாம் கலைந்துபோயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

தாய் இராசாளி திரும்பி வந்து கூட்டில் இறங்கியது. மாத்தயா பெருமையோடு தூரக்கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்க, ஆமிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். அந்த மீசையில்லாத பையன் இரண்டு தரம் பார்த்தான். உன் குருவி பெரிய குருவிதான் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னான். வெள்ளைக்கார அம்மா எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். எல்லோரும் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இன்னும் முழங்காலில்தான் நின்றார். தலைக்குப் பின்னால் கை அப்படியே இருந்தது. எழுந்திரு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான்தான் போய், “எந்திரிங்கப்பா” என்றேன்.

வீட்டுக்கு வரும்வரை அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பேசவேண்டியதையெல்லாம் நான் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்ற அம்மாவிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா முதலில் அப்பாவின் சிவந்த காதைப் பார்த்தார். பிறகு உடுப்பைக் கழற்ற என் பக்கம் திரும்பியவர், பொத்தான்களைப் பார்த்து நின்றுவிட்டார். எல்லாம் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. அடியில் காப்பித்தூள் சட்டை.

“யாரு போட்டு விட்டது?”

“அப்பா.”

“எப்ப?”

“ஆமிக்காரங்க வெளிய வரச் சொன்னப்ப.”

அம்மா அப்பாவைப் பார்க்காமல் என்னிடமே கேட்டார். “யாரு புள்ள மொதல்ல வெளிய வந்தது?”

“நான்தான்” என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அந்தக் கேள்வியின் கனம் விளங்க, எனக்கே ஒரு மகள் பிறந்து, அவளுக்கு நான் வெள்ளை உடுப்பு மாட்டிவிடும் நாள் வரவேண்டியிருந்தது. அதுவரை கல்யாண வீடுகளில், சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில், துப்பாக்கிக்குப் பயப்படாமல் பறவைக்குப் பயந்த கதையை நான்தான் கேட்டு வாங்கிச் சொல்வேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கூடாரத்தை விட்டு வெளியே வரும் இடம் நெருங்கும்போது அப்பா வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டு எழுந்து போவார். பை அவர் மடியிலேயே இருக்கும்.

அன்று பின்னேரம் அம்மா அந்த வெள்ளை உடுப்பைத் துவைக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, நல்ல நிலையில் இருந்த அதைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்படித் துணியாக்கினார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவசச் சீத்தைத் துணியை அடுத்த வருடத்துக்கென்று மடித்து வைத்திருந்தார். அதை எடுத்து ஞாயிறு முழுவதும் கையாலேயே எனக்குப் புது உடுப்புத் தைத்தார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். தைரியமாக முதலில் வெளியே போனதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அந்தப் புது உடுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்ததும் அம்மா அதை எனக்குப் போட்டுப் பார்த்தார். நன்றியாக நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே.

“அம்மா, இன்னொரு வாட்டி ஆமிக்காரங்க வந்தா இதப் போட்டுக்கிட்டு நானே மொதல்ல போறேன்.”

அம்மாவின் கை என் தோளில் அப்படியே நின்றது. வாசலில் கத்தி தீட்டும் சத்தம் நின்றது. அப்பா எழுந்து, தலையில் ஒன்றும் போடாமல், பெய்துகொண்டிருந்த மழையில் இறங்கிப் போனார். அம்மா என்னைப் பார்த்தபடியே இருந்தார். உடுப்பு எனக்குச் சரியாக இல்லையோ என்று நினைத்து, நான் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.